கூடை முடைவது வைத்தியமா? 361 முதியவர்கள் சொன்ன பதில்!

பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்தார்கள். உயிர் தப்பியது. வீட்டுக்கும் வந்தாயிற்று.

ஆனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடியவில்லை. தானாக எழுந்து குளிக்கப் போக முடியவில்லை.

டாக்டரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. நோயாளியின் கஷ்டம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது!

இந்த இடத்தில் கை கொடுக்க வருகிறவர்கள்தான் "ஆக்குபேஷனல் தெரபி" நிபுணர்கள். தமிழில் இதைச் "செயல்முறை மருத்துவம்" என்கிறார்கள்.

ஒற்றைக் கையால் பொத்தான் போடுவது எப்படி? விரல் மடங்காதவர் கரண்டியைப் பிடிக்க என்ன செய்யலாம்? குளிக்கும் அறையில் எந்த இடத்தில் கைப்பிடி வைத்தால் விழாமல் இருக்கலாம்? இவற்றைச் சொல்லிக் கொடுப்பது அவர்கள் வேலை. இங்கே மாத்திரை கிடையாது. ஊசி கிடையாது. மனிதன் தினமும் செய்கிற வேலைகளே மருந்து.

மாத்திரையும் ஊசியும் இல்லை என்றால் அதை வைத்தியம் என்று ஒப்புக்கொள்வார்களா? பலர் ஒப்புக்கொள்ளவில்லை.

"நோயாளியைக் கூடை முடையச் சொல்கிறார்கள். பொம்மை செய்யச் சொல்கிறார்கள். இது பொழுதுபோக்கு. இதற்கு ஒரு படிப்பு, ஒரு பட்டம், ஒரு சம்பளமா?" என்று அமெரிக்காவில் நெடுநாள் கேலி பேசினார்கள்.

இந்தக் கேலிக்கு 1997-ம் ஆண்டில் ஒரு பதில் வந்தது. அது மேடைப் பேச்சு அல்ல. கண்டன ஊர்வலம் அல்ல. ஒரு கட்டுரை! சில பக்கங்களே கொண்ட ஆராய்ச்சிக் கட்டுரை.

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஆறு பேர் கூடினார்கள்

முதலில் கொஞ்சம் பழைய கதை.

அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்று ஒருவர் இருந்தார். கட்டிடங்களுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில். காசநோய் அவரை வாட்டியது. பிறகு உடம்பின் இடது பக்கம் செயல் இழந்தது. அவர் படுத்துக் கிடக்கவில்லை. தச்சு வேலை செய்தார். தோட்ட வேலை செய்தார். வேலை செய்யச் செய்ய உடம்பு தேறியது.

"எனக்குப் பலித்தது மற்றவர்களுக்கும் பலிக்காதா?" என்று நினைத்தார். 1917-ம் ஆண்டு மார்ச் மாதம், நியூயார்க் மாநிலத்தில் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், தம் வீட்டில் ஒரு கூட்டம் போட்டார். மொத்தம் ஆறு பேர். மனநோய் டாக்டர் வில்லியம் ரஷ் டண்டன், சமூக ஊழியர் எலினார் கிளார்க் ஸ்லேகிள் ஆகியோர் அவர்களில் சிலர். பார்ட்டனின் காரியதரிசியாக இருந்த இசபெல் நியூட்டனும் அந்த ஆறு பேரில் ஒருவர். பிற்பாடு அவரே பார்ட்டனின் மனைவி ஆனார்!

அந்தச் சிறு கூட்டத்தில் பிறந்த சங்கம்தான் இந்தத் தொழிலுக்கு அஸ்திவாரம்.

டாக்டர் டண்டனுக்கு ஒன்று புரிந்திருந்தது. சங்கம் மட்டும் இருந்தால் போதாது. செய்வதை எழுதி வைக்க வேண்டும். 1922-ல் இந்தத் தொழிலுக்கென்றே ஒரு பத்திரிகை வெளிவந்தது. அவர்தான் ஆசிரியர். 1947 முதல் "அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி பத்திரிகை" வெளிவருகிறது.

நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அவர் அமெரிக்காவில் பிறந்த பெண்மணி. இந்தியரை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர். 1952-ல் உலக சம்மேளனம் அமைந்தபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அது என்ன பத்திரிகை?

ஆராய்ச்சிப் பத்திரிகை என்றால் நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகை போன்றது அல்ல.

இங்கே ஒரு கட்டுரை எழுதினால் ஆசிரியர் பார்ப்பார். அச்சுப் பிழை திருத்துகிறவர் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

அங்கே அப்படி அல்ல. கட்டுரை போய்ச் சேர்ந்ததும் ஆசிரியர் அதை அதே துறையில் கரைகண்ட இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். பெரும்பாலும் அவர்கள் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. அவர்கள் வேலை என்ன? ஓட்டை கண்டுபிடிப்பது!

"இத்தனை பேரைத்தான் சோதித்தீர்களா? நடுவில் விலகிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களைக் கணக்கில் சேர்த்தீர்களா? அவர்கள் தாமாகவே தேறி இருக்க மாட்டார்களா?" இப்படிக் கேள்விகள் பறந்து வரும்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும். கட்டுரையைத் திருத்த வேண்டும். திரும்பவும் அனுப்ப வேண்டும். மாதக் கணக்கில் ஆகும். சில சமயம் வருடமும் ஆகும். முடிவில் "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

இவ்வளவு பாடுபட்டு அச்சில் வந்தால் எழுதியவருக்கு என்ன சன்மானம்? ஒரு காசு கிடையாது! சில பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர்தான் பணம் கட்ட வேண்டும். (எங்களைப் போல எழுதிப் பிழைப்பவர்களுக்கு இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.)

இதில் ஒரு மோசடியும் நடக்கிறது. பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, யாரிடமும் காட்டாமல், எதை அனுப்பினாலும் அச்சிட்டுவிடும் போலிப் பத்திரிகைகள் இப்போது ஏராளம். இளம் ஆராய்ச்சியாளர்கள் பலர் அந்த வலையில் விழுகிறார்கள். வந்த கட்டுரையை ஓட்டை தேடிப் படித்தார்களா இல்லையா என்பதில்தான் அசலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

மூன்று பிரிவுகள்

இனி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குப் போவோம். சினிமாவுக்குப் பேர்போன ஊர் அது. ஆனால் நமக்கு வேண்டியது சினிமாக்காரர்கள் அல்ல, முதியவர்கள்.

அங்கே சர்க்கார் உதவியுடன் குறைந்த வாடகைக்கு விடப்படும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இரண்டு. அவற்றில் வசிப்பவர்கள் வயதானவர்கள். பெரும்பாலோர் தனியாக இருப்பவர்கள். நோயாளிகள் அல்ல, தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக் கொள்பவர்கள். ஆனால் வயது ஏறிக்கொண்டே போகிறதே! இன்று நடப்பவர் நாளை முடங்கலாம். இன்று சிரிப்பவர் நாளை சோர்ந்து படுக்கலாம்.

முடங்குவதற்கு முன்பே தடுக்க முடியுமா?

தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் செயல்முறை மருத்துவப் பேராசிரியை புளோரன்ஸ் கிளார்க் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். புள்ளிவிவர நிபுணர் ஸ்டான்லி ஏசன் போன்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 60 வயதும் அதற்கு மேலும் ஆன 361 பேர் சோதனைக்கு முன்வந்தார்கள். பல இனத்தவர், பல மொழி பேசுகிறவர்கள்.

அவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 120 பேர்.

யார் எந்தப் பிரிவு? "எனக்குத் தெரிந்தவர், அவரை நல்ல பிரிவில் போடு" என்ற பேச்சுக்கு இடமில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான் பிரித்தார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. திடமாக இருப்பவர்களை எல்லாம் ஒரே பிரிவில் போட்டால் அந்தப் பிரிவு எப்படியும் ஜெயிக்கும். அது சிகிச்சையின் வெற்றி ஆகாது. குலுக்கிப் போட்டால் திடமானவரும் மெலிந்தவரும் மூன்று பிரிவிலும் கலந்து விழுவார்கள்.

முதல் பிரிவுக்குச் செயல்முறை மருத்துவம். வாரம் 2 மணி நேரம் கூட்டம். அது போக ஒவ்வொருவருக்கும் மொத்தம் 9 மணி நேரம் தனியாகப் பேச்சு. இப்படி 9 மாதம்.

மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் வழக்கம் போல இருந்தார்கள்.

இரண்டாம் பிரிவு? அதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி!

அந்தப் பிரிவினருக்குக் கைவேலை செய்யக் கொடுத்தார்கள். படம் காட்டினார்கள். விளையாட்டு, நடனம், வெளியூர்ச் சுற்றுலா எல்லாம் உண்டு. ஆனால் நடத்தியவர்கள் இந்தப் படிப்புப் படித்தவர்கள் அல்ல.

அதாவது, "இது வெறும் பொழுதுபோக்கு" என்று கேலி பேசினார்களே, அந்தப் பொழுதுபோக்கையே ஒரு பிரிவாக நிறுத்திவிட்டார்கள்! கைவேலையும் பேச்சுத் துணையும்தான் மருந்து என்றால் இரண்டாம் பிரிவும் முதல் பிரிவுக்குச் சமமாகத் தேற வேண்டும். தேறினால் கேலி பேசியவர்கள் ஜெயித்தார்கள். இந்தத் தொழிலுக்கு மானக்கேடு. புளோரன்ஸ் கிளார்க் தம் சொந்தத் தொழிலையே கூண்டில் ஏற்றினார் என்று சொல்ல வேண்டும்.

பஸ் ஏறப் பயமா?

முதல் பிரிவில் அப்படி என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்?

உதாரணத்துக்குப் போக்குவரத்தை எடுத்துக் கொள்வோம். வயதான அம்மாள் ஒருவர் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். காரணம் கால்வலி அல்ல. எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது என்ற பயம். பஸ் ஏறாததால் கடைக்குப் போவதில்லை. சிநேகிதியைப் பார்ப்பதில்லை. நடை குறைகிறது. மனம் சுருங்குகிறது. பிறகு நிஜமாகவே கால்வலி வருகிறது!

"தைரியமாக இருங்கள் பாட்டி" என்று சொன்னால் போதுமா? போதாது. எந்த பஸ், எத்தனை மணிக்கு, கையில் என்ன எடுத்துப் போவது, தவறி இறங்கினால் என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசித் திட்டம் போட வேண்டும். பிறகு ஒருநாள் போய்வர வேண்டும்.

இப்படியே சாப்பாடு, பணம், வீட்டில் விழாமல் இருப்பது, மூட்டு தேயாமல் வேலை செய்வது என்று ஒவ்வொன்றையும் எடுத்தார்கள். உங்களுக்குப் பிடித்த வேலை எது? அதைச் செய்யவிடாமல் தடுப்பது எது? இதுதான் கேள்வி. ஒருவருக்குச் சொன்ன யோசனை அடுத்தவருக்குப் பொருந்தாது. அவரவர் வாழ்க்கைக்கு அவரவர் திட்டம்.

முடிவு என்ன?

ஒன்பது மாதம் கழிந்தது. மூன்று பிரிவினரும் கேள்வித்தாள்களுக்குப் பதில் எழுதினார்கள். உடல்வலி, நடமாட்டம், உற்சாகம், மற்றவர்களுடன் பழகுவது, மனநிலை, வாழ்க்கையில் திருப்தி என்று பல கேள்விகள்.

இரண்டாம் பிரிவும் மூன்றாம் பிரிவும் பொதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. வயதின் வேலை அது. முதல் பிரிவு அவர்களை விடப் பல அம்சங்களில் நன்றாக இருந்தது.

பொழுதுபோக்குப் பிரிவு, ஒன்றுமே தராத பிரிவை விட மேலாக இருந்ததா? இல்லை!

இது அதிர்ஷ்டத்தால் வந்த வித்தியாசமாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு காசைப் பத்து முறை சுண்டினால் ஆறு முறை தலை விழலாம். அதனால் அது கள்ளக் காசு என்று சொல்ல முடியாது. பத்துக்குப் பத்தும் தலையே விழுந்தால் சந்தேகப்படலாம். ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வாழ்க்கைத் திருப்தி பற்றிய வித்தியாசத்துக்கு அந்தக் கணக்கு 0.03 என்று வந்தது. சிகிச்சையால் ஒரு பயனுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கு 100-க்கு 3 பங்குதான் வாய்ப்பு என்று பொருள்.

கட்டுரை எங்கே வந்தது தெரியுமா? செயல்முறை மருத்துவர்களின் சொந்தப் பத்திரிகையில் அல்ல. அங்கே வந்திருந்தால், "தங்கள் வீட்டுப் பிள்ளையைத் தாங்களே மெச்சிக் கொள்கிறார்கள்" என்று சொல்லியிருப்பார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வந்தது. 1883 முதல் டாக்டர்களுக்காக டாக்டர்கள் நடத்தும் பத்திரிகை அது. 1997-ம் ஆண்டு அக்டோபர் மாத இதழ்.

கட்டுரையில் குறைகளே இல்லையா? உண்டு. சோதனைக்கு வந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள். வரவே விரும்பாதவர்களுக்கு இது பலிக்குமா என்பது வேறு கேள்வி. தங்கள் நிலைமையை அவர்களே எழுதினார்கள். மற்றவர் அளந்து பார்க்கவில்லை. எல்லாம் ஒரே ஊர். எத்தனை பேர், எங்கே, எப்படி என்பதெல்லாம் அச்சில் இருப்பதால்தான் இந்தக் குறைகளை நாம் சொல்ல முடிகிறது.

கட்டுரை கடல் தாண்டியது

ஒரு கட்டுரையோடு விஷயம் நின்றுவிடவில்லை.

சிகிச்சை நின்று ஆறு மாதம் கழித்து அதே முதியவர்களைப் பார்த்தார்கள். கிடைத்த நன்மையில் சுமார் 90 சதவிகிதம் அப்படியே இருந்தது. இது 2001-ல் வெளிவந்தது. செலவு எவ்வளவு என்று இன்னொரு கட்டுரை 2002-ல் வந்தது. ஓர் ஆளுக்கு ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து 548 டாலர். கிடைத்த பயனுக்கு இது கட்டுபடியாகும் செலவு என்றார்கள்.

பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 21 இடங்களில் 460 பேரை வைத்து மறுபடி சோதித்தார்கள். 2012-ல் முடிவு வெளிவந்தது. வலி, உற்சாகம், மனநிலை ஆகியவற்றில் மறுபடியும் பயன் தெரிந்தது. ஆனால் பயன் சிறியதுதான். ஞாபகசக்தி கூடவில்லை. அதையும் எழுதினார்கள்.

இதற்குள் பிரிட்டனில் ஆலோசனை தொடங்கிவிட்டது. எந்த வைத்தியத்துக்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாம் என்று சொல்வதற்கு அங்கே "நைஸ்" என்ற சர்க்கார் அமைப்பு இருக்கிறது. அமெரிக்க முதியவர்களின் கட்டுரையையும் ஆதாரமாகப் பார்த்து, முதியவர்களுக்கு இத்தகைய பயிற்சி தரலாம் என்று 2008-ல் சிபாரிசு செய்தது.

பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் அதோடு விடவில்லை. "அமெரிக்காவில் பலித்தது இங்கே பலிக்குமா?" என்று தாங்களே சோதித்தார்கள். ஷெபீல்டு நகரத்திலும் வடக்கு வேல்ஸிலும் 65 வயதுக்கு மேற்பட்ட 288 பேர். பயிற்சி பெற்ற ஊழியர்கள் வாராவாரம் கூட்டம் நடத்தினார்கள்.

ஆறு மாதம் கழித்து மனநலத்தை அளந்து பார்த்தார்கள்.

பலிக்கவில்லை! பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆரம்பத்திலேயே நல்ல மனநிலையில் இருந்தவர்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றியது போல ஆகிவிட்டது.

இதை 2017-ல் அச்சிட்டார்கள். இதற்குத் தனித் துணிச்சல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். "பலித்தது" என்று எழுதுகிறவருக்குப் பாராட்டு வரும், பதவி வரும். "பலிக்கவில்லை" என்று எழுதினால் என்ன வரும்? ஆகவே பலர் அதை மேஜை அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். அப்படிப் பூட்டினால், வேறு ஊரில் வேறொருவர் அதே பயிற்சியை அதே மாதிரி ஆட்களுக்குக் கொடுத்துப் பணத்தையும் முதியவர்களின் நேரத்தையும் வீணாக்குவார்.

படுக்கைப் புண்

புளோரன்ஸ் கிளார்க் குழுவினருக்கே பிற்பாடு இந்தச் சோதனை வந்தது.

முதுகுத்தண்டில் அடிபட்டு, சக்கர நாற்காலியே கதி என்று ஆனவர்களுக்குப் பெரிய எதிரி படுக்கைப் புண். உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். வலி தெரியாது. தெரியும்போது புண் எலும்பு வரை போயிருக்கும். இதனால் உயிருக்கே ஆபத்து வருவதும் உண்டு.

முதியவர்களுக்குப் பலித்த முறையைக் கொஞ்சம் மாற்றி இவர்களுக்குக் கொடுத்தால் என்ன? லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் உள்ள ராஞ்சோ லாஸ் அமிகோஸ் ஆஸ்பத்திரியுடன் சேர்ந்து 170 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு வருடப் பயிற்சி. மற்றப் பிரிவுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும்.

வருட முடிவில் இரண்டு பிரிவிலும் எத்தனை புண்கள் என்று எண்ணினார்கள். வித்தியாசம் இல்லை!

2019-ல் கட்டுரை வந்தது. அவர்கள் பெயர்களுக்குக் கீழே, கட்டுரைச் சுருக்கத்திலேயே இந்த முடிவு இருந்தது. முதல் வருடத்துக்குப் பிறகு, பயிற்சி பெற்றவர்களுக்குப் புண்கள் குறைந்திருந்தன என்பதும் அதில் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக்கு மற்றப் பிரிவின் எண்கள் கையில் இல்லை. ஆகவே இதை வைத்துக்கொண்டு முடிவு எதுவும் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.